இருமொழி வடிவியல் பெட்டி: உருவங்கள் தரம், அட்டைகளுக்குத் திருத்தம் வேண்டும்

தருமபுரி நான்கு ரோட்டுப் பக்கத்திலும் கிருஷ்ணகிரி ரவுண்டானாவை ஒட்டியும் உள்ள எழுதுபொருள் கடைகளில் பள்ளிகளுக்கென்று ஒரு வடிவியல் பெட்டி விற்கிறார்கள். விலை 1,900 ரூபாய். உள்ளே பிளாஸ்டிக் கன உருவங்கள் 10, உள்ளீடற்ற கூம்பும் உருளையும், துளையிட்ட குச்சிகள் 24, பின்னம் காட்டும் வட்டத் தகடுகள், கரும்பலகைக்கான பாகைமானி, காம்பஸ், இரண்டு மூலைமட்டங்கள், சுவரில் மாட்டும் படங்கள் 4, சொல் அட்டைகள் 60. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு புறம் தமிழ், மறுபுறம் ஆங்கிலம். 6 முதல் 10-ஆம் வகுப்பு வரை நடத்தும் ஆசிரியர்களையும் டியூஷன் எடுப்பவர்களையும் மனத்தில் வைத்துச் செய்திருக்கிறார்கள்.

உருவங்களுக்காகவும் குச்சிகளுக்காகவும் இதை வாங்கலாம். அட்டைகளை மட்டும் அப்படியே வகுப்பில் மாட்டிவிடக் கூடாது. வடிவியலில் ஒரு பெயர் மாணவனின் கண்ணை எந்த இடத்துக்குக் கொண்டுபோகிறதோ அந்த இடத்தைத்தான் அவன் அளப்பான். பெயர் தவறான இடத்தைக் காட்டினால் சூத்திரம் மனப்பாடமாக இருந்தாலும் விடை தவறும். அதனால் பெட்டியைப் பொருள் பொருளாகச் சொல்வதைவிட, பெயரும் பொருளும் முட்டிக்கொள்ளும் இடங்களைச் சொல்வதே வாங்குபவருக்குப் பயன்படும்.

பெரிய சேதம் செய்வது 'ஒத்த முக்கோணங்கள்' என்ற அட்டை. 3, 4, 5 செ.மீ. பக்கமுள்ள முக்கோணமும் 6, 8, 10 செ.மீ. பக்கமுள்ள முக்கோணமும் அதில் அருகருகே இருக்கின்றன. படம் சரி, தலைப்பு தவறு. நம் பாடநூலில் அளவு மாறி வடிவம் மாறாத முக்கோணங்கள் 'வடிவொத்தவை'. 'ஒத்த' என்ற சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. இரண்டு முக்கோணங்களில் சமமான கோணங்களுக்கு எதிரே இருக்கும் பக்கங்களை 'ஒத்த பக்கங்கள்' என்கிறோம். இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டும்போது ஒரே நிலையில் அமையும் கோணங்களை 'ஒத்த கோணங்கள்' என்கிறோம். ஆக, ஒத்த என்றால் 'இதன் இடத்தில் அங்கே இருப்பது' என்றுதான் பொருள். அளவைப் பற்றியோ வடிவத்தைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை. முழுவதும் பொருந்தினால் அதற்கு 'சர்வசமம்' என்று தனிச்சொல் இருக்கிறது. இந்த மூன்றையும் கலந்துவிட்டால், பத்தாம் வகுப்புத் தேர்வில் 8 மதிப்பெண் செய்முறை வடிவியல் கேள்வியில் 'ஒத்த பக்கங்களின் விகிதம் 3/5 என அமையுமாறு ஒரு வடிவொத்த முக்கோணம் வரைக' என்று வரும்போது, ஒரே வரியில் வரும் இரண்டு சொல்லும் ஒன்றுதான் என்று மாணவன் படிப்பான். பக்கங்கள் சமமாக வேண்டுமோ என்று அவன் தடுமாறுவது அங்கேதான்.

அட்டையின் பின்பக்கத்தில் வரையும் முறையைக் கொடுத்திருக்கிறார்கள், அதிலும் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. சரியான முறை இது: அடிப்பக்கத்தின் இடது முனையிலிருந்து முக்கோணத்துக்கு எதிர்ப்புறமாகக் குறுங்கோணத்தில் ஒரு கதிர் வரைய வேண்டும். விகிதத்தில் உள்ள இரண்டு எண்களில் எது பெரியதோ அத்தனை புள்ளிகளைக் காம்பஸால் சம இடைவெளியில் அதில் குறிக்க வேண்டும். 3/5 என்றால் 5 புள்ளி, 7/4 என்றால் 7 புள்ளி. பகுதி எண்ணுக்குரிய புள்ளியைத்தான் அடிப்பக்கத்தின் வலது முனையோடு சேர்க்க வேண்டும், அதாவது 3/5-இல் ஐந்தாவது புள்ளி, 7/4-இல் நான்காவது. பிறகு தொகுதி எண்ணுக்குரிய புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்கு இணைகோடு. அது அடிப்பக்கத்தைத் தொடும் இடத்திலிருந்து முக்கோணத்தின் வலது பக்கத்துக்கு இன்னொரு இணைகோடு. 7/4-க்கு முதல் இணைகோடு அடிப்பக்கத்துக்கு வெளியே விழும் என்பதால் அடிப்பக்கத்தையும் இடது பக்கத்தையும் முன்கூட்டியே நீட்டி வைக்க வேண்டும். விட்டுப்போனது இந்த நீட்டும் படி. பக்கங்களின் விகிதம் 1-ஐவிடப் பெரியது என்றால் புதிய முக்கோணம் பழையதைவிடப் பெரியது என்பதை வரையத் தொடங்கும் முன்பே சொல்லவைத்தால் கடைசி புள்ளியைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கும் பழக்கம் போகும்.

அடுத்தது சாய்சதுரம். இந்தப் பெயரே 'சாய்ந்த சதுரம்' என்று கேட்பதால், ஒரு சதுரத்தை 45 பாகை திருப்பி நிறுத்தினால் அது சாய்சதுரமாகிவிடும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். அட்டையும் அதையே வரைந்து வைத்திருக்கிறது, முனையில் நிற்கும் ஒரு சதுரம். திருப்பினால் உருவத்தின் பெயர் மாறுமா? நான்கு பக்கமும் சமம் என்பதுதான் சாய்சதுரத்துக்கு வேண்டிய ஒரே நிபந்தனை. கோணம் 90 பாகையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது சாய்சதுரம்தான். எனவே எல்லாச் சதுரமும் சாய்சதுரம், எல்லாச் சாய்சதுரமும் சதுரமல்ல. பெயர் சொல்வது இதற்கு நேர் தலைகீழ்.

இதைத் திருத்தப் பெட்டியிலேயே மிகச் சிறந்த கருவி இருக்கிறது, துளையிட்ட குச்சிகள். 10 செ.மீ. குச்சிகள் நான்கை முனைகளில் பொத்தானால் சேர்த்தால் சதுரம். ஒரு முனையை மெதுவாகத் தள்ளினால் சதுரம் சாய்ந்துகொண்டே போகும். சுற்றளவு கடைசி வரை 40 செ.மீ. பரப்பளவு மட்டும் குறையும்: 90 பாகையில் 100 ச.செ.மீ., 60 பாகையில் சுமார் 86.6, 30 பாகையில் சரியாக 50. சுற்றளவு மாறாவிட்டால் பரப்பளவும் மாறாது என்ற பரவலான நம்பிக்கையும் இதே நேரத்தில் உடைகிறது. கவனிக்க வேண்டியது ஒன்று: 10 செ.மீ. என்பது துளையின் மையத்திலிருந்து துளையின் மையம் வரை. குச்சியின் முழு நீளம் 11 செ.மீ. மாணவர்கள் நுனியிலிருந்து நுனி வரை அளந்து 121 ச.செ.மீ. என்று எழுதுவார்கள். அளக்கும் முன்பே துளைகளின் மையத்தை மார்க்கரால் குறித்துவிடுவது நல்லது.

நாற்கரங்களின் சுவர்ப்படம் இந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது. இணைகரத்துக்குக் கீழே செவ்வகம், சாய்சதுரம், சதுரம் மூன்றும் தனித்தனிக் கிளைகள். சதுரத்துக்குச் செவ்வகத்திலிருந்தும் சாய்சதுரத்திலிருந்தும் கோடு வந்து சேர வேண்டும், இரண்டும் இல்லை. கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் எழுதிய 'எலிமென்ட்ஸ்' தொகுப்பின் முதல் பாகத்தில் 22-ஆவது வரையறை சதுரத்தை மற்றவற்றிலிருந்து பிரித்தே வைக்கிறது என்பது உண்மை. ஆனால் இன்றைய பள்ளிப் பாடம் அப்படி இல்லை. 'எல்லாச் சதுரங்களும் செவ்வகங்களே, சரியா தவறா' என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்கு இந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த மாணவன் 'தவறு' என்றுதான் எழுதுவான். இரண்டு கோடுகளை ஸ்கெட்ச் பேனாவால் சேர்த்துவிட்டால் போதும், படத்தைத் தூக்கி எறிய வேண்டாம்.

சரிவகம் அட்டையின் தமிழ்ப் பக்கம் சரி. ஆங்கிலப் பக்கத்தில் 'ட்ரெபிசாய்ட்' என்று இருக்கிறது. அது அமெரிக்க வழக்கு. நம் ஆங்கிலவழிப் பாடநூலில் ஒரு சோடி எதிர்ப்பக்கங்கள் இணையாக உள்ள நாற்கரம் 'ட்ரெபீசியம்'. அமெரிக்காவில் அதே ட்ரெபீசியம் எந்தப் பக்கமும் இணையாக இல்லாத நாற்கரம். 1795-இல் சார்லஸ் ஹட்டன் வெளியிட்ட கணித அகராதி இரண்டு சொற்களின் பொருளையும் இடம் மாற்றிப் போட்டது. பிரிட்டன் பிற்பாடு பழைய பொருளுக்குத் திரும்பியது, அமெரிக்கா திரும்பவில்லை. பத்தாம் வகுப்பு முடித்துப் பதினொன்றில் ஆங்கிலவழிக்கு மாறும் மாணவர்கள் இணையக் காணொளிகளை நம்பியே படிக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஒரு அட்டை போதும், தலை சுற்ற. வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி மாற்றி எழுதுங்கள்.

கிரேக்க அறிஞர் தேல்ஸ் பெயரிலும் இதே சிக்கல். பெட்டியில் உள்ள தேல்ஸ் தேற்ற அட்டை அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்று காட்டுகிறது. பல நாடுகளில் அந்தப் பெயர் அதற்குத்தான். நம் பத்தாம் வகுப்பில் தேல்ஸ் தேற்றம் என்றால் அடிப்படை விகிதசமத் தேற்றம்: முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையாக வரையும் கோடு மற்ற இரண்டு பக்கங்களையும் சம விகிதத்தில் பிரிக்கும். தேற்றத்தை எழுதி நிறுவச் சொல்லும்போது அட்டையில் உள்ளதை எழுதினால் 5 மதிப்பெண் முழுவதும் போய்விடும். இந்த அட்டையைப் பத்தாம் வகுப்பில் எடுக்கவே வேண்டாம்.

செங்குத்து என்ற சொல் கொஞ்சம் நுட்பமாகக் கெடுக்கிறது. பேச்சு வழக்கில் செங்குத்து என்றால் நேராக மேலே நிற்பது. வடிவியலில் இரண்டு கோடுகள் 90 பாகையில் சந்தித்தால் அவை ஒன்றுக்கொன்று செங்குத்து, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் சரி. மேல்கீழாக நிற்பதை 'நிலைக்குத்து' என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அட்டையில் ஒரு கிடைக்கோடும் ஒரு நிலைக்குத்துக் கோடும் மட்டுமே இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. விளைவு குத்துயரத்தில், அதாவது உச்சியிலிருந்து எதிர்ப்பக்கத்துக்குச் செங்குத்தாக வரையும் கோட்டில் தெரியும். சாய்ந்த பக்கத்துக்குக் குத்துயரம் வரையச் சொன்னால் மாணவர்கள் தாளின் ஓரத்துக்கு இணையாக ஒரு கோட்டை இறக்குவார்கள். பெட்டியில் உள்ள மூலைமட்டம் இதற்கு மருந்து. ஓரத்தைப் பக்கத்தின் மீது பொருத்தி, உச்சியைத் தொடும் வரை நகர்த்தி, கோடு போடச் சொல்லுங்கள். விரிகோண முக்கோணத்தில் குத்துயரம் வெளியே விழும் என்பதையும் அப்போதே காட்டலாம். இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் எதிரெதிரே அமையும் குத்தெதிர்க் கோணங்களின் அட்டையிலும் மேல்கீழ்ச் சோடிக்கு மட்டும் வண்ணம் அடித்திருக்கிறார்கள். இடவலச் சோடியும் குத்தெதிர்க் கோணங்களே.

உச்சியை எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளியோடு சேர்க்கும் நடுக்கோடும், குத்துயரமும் ஒரே அட்டையில் ஒரு இருசமபக்க முக்கோணத்தில் வரையப்பட்டிருப்பது சரியல்ல. அங்கே உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்கு வரும் நடுக்கோடு, குத்துயரம், கோண இருசமவெட்டி மூன்றும் ஒரே கோடாகிவிடும். வேறுபாட்டைக் காட்ட அசமபக்க முக்கோணம்தான் வேண்டும். அடிப்பக்கம், உச்சிக்கோணம், நடுக்கோடு கொடுத்து முக்கோணம் வரையும் கேள்விக்கு நடுக்கோட்டின் நீளத்தைக் குத்துயரமாக எடுத்துவிடும் தவறுக்கு இப்படிப்பட்ட படங்களே வேர். நான்கு மையங்களின் அட்டைகள் மட்டும் அழகாக வந்திருக்கின்றன: நடுக்கோட்டு மையம், செங்கோட்டு மையம், உள்வட்ட மையம், சுற்றுவட்ட மையம். அவற்றை அப்படியே மாட்டலாம்.

கன உருவங்களுக்கு வருவோம். வார்ப்பு சுத்தம், விளிம்புகள் கூர், அளவு சரி. ஆனால் கனச்சதுரத்தின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் '6 பக்கங்கள்' என்று இருக்கிறது. பக்கம் என்பது தட்டை உருவத்தின் கோட்டுத்துண்டு. கனச்சதுரத்துக்கு 6 முகங்கள், 12 விளிம்புகள், 8 முனைகள். பக்கம் என்ற சொல்லை முகத்துக்கும் விளிம்புக்கும் சேர்த்துப் புழங்கினால், 'பக்கம் 5 செ.மீ. உள்ள கனச்சதுரத்தின் மொத்தப் புறப்பரப்பு' என்ற கணக்கில் 5 எதன் அளவு என்று தெரியாது. ஒரு முகத்தின் பரப்பு 25, ஆறு முகத்துக்கு 150 ச.செ.மீ. என்பது விரலால் தடவி எண்ணினால் விளங்கிவிடும்.

கையேட்டில் ஆய்லர் சூத்திரத்தை எல்லா உருவங்களுக்கும் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். முனைகள் − விளிம்புகள் + முகங்கள் = 2. கனச்சதுரத்துக்கு 8 − 12 + 6 = 2. உருளைக்கு அவர்கள் கொடுத்த அட்டவணைப்படி முனை 0, விளிம்பு 2, முகம் 3, விடை 1. கூம்புக்கு முனை 1, விளிம்பு 1, முகம் 2 என்று வைத்தால் தற்செயலாக 2 வருவதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. இந்தச் சூத்திரம் தட்டையான முகங்களும் நேரான விளிம்புகளும் கொண்ட உருவங்களுக்கானது. உருளை, கூம்பு, கோளம் மூன்றையும் அந்த அட்டவணையிலிருந்து அடித்துவிட்டு, பட்டகங்களையும் பிரமிடுகளையும் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளீடற்ற கூம்பும் உருளையும்தான் இந்தப் பெட்டியின் மாணிக்கம். இரண்டுக்கும் வெளி ஆரம் 6 செ.மீ., உயரம் 8 செ.மீ. கூம்பின் சாயுயரம் 10 செ.மீ. முழு எண்ணாக வருவதால் மாணவர்களே அளந்து பார்க்கலாம். ஸ்கேலை வளைபரப்பின் மேல் படுக்கவைத்து அளப்பது சாயுயரம். உயரத்தை வெளியிலிருந்து நேரடியாக அளக்க முடியாது. மேசையில் ஸ்கேலை நிலைக்குத்தாக நிறுத்தி, மூலைமட்டத்தின் ஓரம் கூம்பின் உச்சியைத் தொடும் வரை இறக்கிப் படிக்க வேண்டும். இரண்டையும் அளந்த மாணவன் கன அளவுக்கான சூத்திரத்தில் 10-ஐப் போட மாட்டான்.

கூம்பின் கன அளவு உருளையில் மூன்றில் ஒரு பங்கு என்று காட்டக் கேழ்வரகு நிரப்புங்கள். நம் ஊரில் எந்த வீட்டிலும் கிடைக்கும். மணி சிறியதாக இருப்பதால் அரிசியைவிட இடைவெளி ஒரே சீராக அமையும். கூம்பை நிரப்பி ஸ்கேலால் வழித்துவிட்டு மூன்று முறை ஊற்ற வேண்டும். மூன்றாவது முறைக்குப் பிறகும் உருளையின் வாயில் கிட்டத்தட்ட இரண்டரை மில்லிமீட்டர் காலியாக இருக்கும். தேற்றத்தில் பிழையில்லை. சுவர் 2 மி.மீ. தடிமன், சாய்ந்த சுவரில் அந்தத் தடிமன் கிடைவாட்டில் 2.5 மி.மீ. ஆகிவிடுவதால் கூம்பின் உள்ளிடம் சற்று அதிகமாகக் குறைகிறது. இந்த இடத்தில்தான் 'கன அளவு', 'கொள்ளளவு' என்ற இரண்டு சொற்களையும் பிரிக்க வேண்டும். வெளி அளவுகளால் உருளையின் கன அளவு சுமார் 905 க.செ.மீ. உள்ளே பிடிப்பது சுமார் 824 மி.லி. பெட்டியின் அட்டை இரண்டையும் ஒரே பொருள் என்று எழுதியிருக்கிறது.

பின்ன வட்டத் தகடுகளின் உறையில் 'வட்டத்துண்டுகள்' என்று போட்டிருப்பதையும் மாற்றுங்கள். மையத்திலிருந்து இரண்டு ஆரங்களால் வெட்டிய பகுதி வட்டக்கோணப்பகுதி. நாணுக்கும் வில்லுக்கும் இடைப்பட்டதே வட்டத்துண்டு. ஆரம் 7 செ.மீ., மையக்கோணம் 90 பாகை என்றால் வட்டக்கோணப்பகுதி 38.5 ச.செ.மீ., அதிலிருந்து முக்கோணம் 24.5-ஐக் கழித்தால் வட்டத்துண்டு 14 ச.செ.மீ. ஒரே தகட்டில் நாணைப் பேனாவால் வரைந்து இரண்டையும் காட்டலாம்.

எண் அட்டைகள் கொஞ்சம்தான். முழு எண்கள் 0, 1, 2 என்று தொடங்குபவை, முழுக்கள் குறை எண்களையும் சேர்த்தவை. அட்டையில் முழுக்களின் கீழ் குறை எண்களே இல்லை. அதைத் திருத்தாமல் விடாதீர்கள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. அந்த மொழிகளில் முக்கோணம் 'த்ரிபுஜம்', 'த்ரிபுஜ'. மூன்று பக்கம் என்று பொருள். தமிழில் அதே உருவம் கோணத்தால் பெயர் பெறுகிறது. ஆரத்துக்குக் கன்னடத்தில் 'த்ரிஜ்ய', தெலுங்கில் 'வ்யாசார்த்தம்', அதாவது விட்டத்தில் பாதி. இந்தச் சொற்களை அட்டையின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தால் அண்ணன், அக்கா படித்த புத்தகத்தோடு பிள்ளைகள் பொருத்திப் பார்த்துக்கொள்வார்கள். அடுத்த பதிப்பில் அச்சிலேயே இவற்றைச் சேர்த்தால் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பள்ளிகளுக்கு இதைவிடப் பயனுள்ள பெட்டி இருக்காது.

மொத்தத்தில் 60 அட்டைகளில் பத்துப் பன்னிரண்டுக்குத் திருத்தம் வேண்டும். ஒரு மாலை வேலை. வெள்ளை ஸ்டிக்கர் தாள் ஒன்றும் நிலையான மார்க்கர் ஒன்றும் போதும். திருத்திய பிறகுதான் லேமினேட் செய்ய வேண்டும், முன்பே செய்தால் ஸ்டிக்கர் உரிந்துவிடும்.

கடையில் பணம் கொடுக்கும் முன் மூன்றைப் பார்த்துவிடுங்கள். கூம்பின் வாயை உருளையின் வாயோடு ஒட்டவைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும், ஓரம் எங்கும் வெளியே நீட்டக் கூடாது. கரும்பலகைப் பாகைமானியில் பூச்சியக் கோடு கீழ் ஓரத்திலிருந்து சற்று மேலே இருக்கும், மையப் புள்ளி அந்தக் கோட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். சில பெட்டிகளில் மையம் ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது, அதை வைத்து அளந்தால் கோணம் தவறாக வரும். கடைசியாகக் காம்பஸின் திருகை இறுக்கி, ஒரு முழு வட்டம் வரைந்து பாருங்கள். தொடங்கிய புள்ளியிலேயே சாக்பீஸ் வந்து சேராவிட்டால் வேறு பெட்டி கேளுங்கள்.